ஒரு வாஷருக்கான வளர்ச்சித் திட்டம்

சிம்வாலா கிராமத்து அடிபம்பில் வாஷர் போய்விட்டது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ரப்பர் வளையம். கெட்டது அது ஒன்றுதான். குழாய் நன்றாக இருந்தது. கைப்பிடி நன்றாக இருந்தது. பூமிக்கடியில் தண்ணீரும் இருந்தது. கைப்பிடியை அடித்தால் இழுப்புக்காரன் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் வரவில்லை.

இதனால் நாட்டுப் பொருளாதாரத்துக்கு நேர்ந்த இழப்பு என்ன என்று அரசாங்கம் யோசிக்கவில்லை. அபிடி சலான்ஜே யோசித்தாள். அவளுக்குச் சாலையோரம் ஒரு டீக்கடை. ஏரியிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் அங்கேதான் நிற்கும். பால்பவுடரும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட டீ, சுடச்சுட மாண்டாசி. மாண்டாசி என்றால் எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டை. கைக்கு அடக்கமானது, வயிற்றில் நாள் முழுக்கக் கிடக்கும். புருஷன் தெற்கே சுரங்கத்துக்குப் போனவன் அங்கேயே ஒரு குடும்பத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டான். கடை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

பம்பு நின்றதும் சதுப்பில்தான் தண்ணீர் மொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சதுப்பில் கெளுத்தி மீன்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் டீயில் அவை வந்து நின்றன. நாள் பூராவும் மீனோடு உட்கார்ந்து வருகிற டிரைவர்கள், மீனைக் குடிக்கவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஊரான ம்பாசாவில் பம்பு ஓடியது. அங்கே இன்னொருத்தி கடை வைத்திருந்தாள். சர்க்கரையைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்கிறவள். இருந்தாலும் லாரிகள் அங்கே போயின.

வெயில் காலம் முடியும்வரை இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். ஆகவே அபிடி சலான்ஜே சைக்கிள் டாக்சி பிடித்துப் போமாவுக்குப் போனாள். போமா என்பது சுற்றுவட்டாரத்து அலுவலகங்கள் அத்தனையும் இருக்கிற ஊர்; அலுவலர்கள் இருக்கிற ஊர் என்று யாரும் சொன்னதில்லை.

நீர் அலுவலகத்தில் வாட்ச்மேன் ஒருவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லோரும் ஏரிக்கரை ஓட்டலில் ஒரு பயிலரங்கத்துக்குப் போயிருந்தார்கள். பொருள், அலுவலர்கள் அலுவலகத்தில் இருப்பதை மேம்படுத்துதல். தன்னையும் கூப்பிட்டார்கள் என்றும், கட்டடம் தனியாகப் பயப்படுமே என்று தான் நின்றுவிட்டதாகவும் அவன் சொன்னான்.

பிறகு ஒரு நாள் நீர் அலுவலர் திரு. கபாய்ஸி அகப்பட்டார். நல்ல மனிதர். சட்டையைக் கால்சராய்க்குள் விட்டிருந்தார். கழுத்தில் பழைய பயிலரங்கங்களின் அடையாள அட்டைகள் தொங்கின. அவள் ப்வானா, அதாவது ஐயா, என்றாள்; அவர் அமாயி, அதாவது அம்மா, என்று கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

முன்பெல்லாம் உதவி செய்யும் நாடுகள் பொருள்களைக் கொடுத்தன. பம்பு கொடுத்தன, டிராக்டர் கொடுத்தன, கொசுவலை கொடுத்தன. கொசுவலையில் ஜனங்கள் மீன் பிடித்தார்கள். பிறகுதான் தூர தேசத்தில் உட்கார்ந்து ஆராய்ந்து, பொருளைக் கொடுத்தால் மனிதன் சோம்பேறி ஆகிறான் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது திறனை மட்டும்தான் கொடுப்பது. தவிர, வாஷர் வெளிநாட்டுச் சரக்கு. வாங்க வெளிநாட்டுப் பணம் வேண்டும். நாட்டில் அது இல்லை. இருக்கிற கொஞ்சமும் டீசலுக்குப் போகிறது. டீசல் எதற்கு என்றால், வாஷர் இல்லாத ஊர்களுக்கு அலுவலர்கள் போய் வர.

"அப்ப வாஷர் வராதா ப்வானா?"

"வாஷர் வராது அமாயி. வாஷரைப் பத்தி வரும்."

அதற்குமுன் வேறொரு சங்கடத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. பம்பைப் போட்டது போன அரசாங்கம். பம்பு அதன் கட்சி நிறமான ஊதாவில் இருந்தது. ஆரஞ்சுக் கட்சி ஆளும்போது ஊதா பம்பைப் பற்றி எப்படிப் பயிலரங்கம் நடத்துவது? ஒரு வாரத்தில் பெயின்ட் வந்தது. இரண்டு பூச்சு அடித்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டினார். கட்சித் துணி கட்டிய பெண்கள் அவரைச் சுற்றி ஆட, அவரும் வயிறு குலுங்க ஆடினார். தண்ணீர் வராத பம்புகளில் அந்த வட்டாரத்திலேயே அழகானது சிம்வாலா பம்புதான் என்று பேசிவிட்டுப் போனார்.

பயிலரங்கம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகளுக்கு லீவு விட்டார்கள். வெள்ளை நிறப் பெரிய வண்டிகள் வந்தன. பதாகை வந்தது. ஆளுக்கொரு ஃபேன்டா, ஆளுக்கொரு பன். டீகூட போமா ஓட்டலிலிருந்து பிளாஸ்க்கில் வந்தது. அபிடி சலான்ஜேயின் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்திருந்ததற்கு ஒரு படி. பயணப்படி கேள்விப்பட்டிருக்கிறார்கள். உட்கார்படி அந்த ஊர் கண்டதில்லை. அம்ஃபுமு என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடும் ஊர்த்தலைவர் சிண்டாம்பா தன் வீட்டு சோபாவையே தூக்கிவரச் செய்து அதில் உட்கார்ந்தார். உட்காருவதில் அவருக்கு முன்அனுபவம் இருந்தது.

பெண்களின் பங்கேற்பு என்று ஓர் அமர்வு. அதில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். பெண்கள் சதுப்புக்குத் தண்ணீர் மொள்ளப் போயிருந்தார்கள். பெண்கள் கட்டாயம் பங்கேற்க வேண்டும் என்று ஆண்கள் ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். பம்புக் குழுவுக்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. அபிடி சலான்ஜே தலையில் குடத்தோடு திரும்பி வந்தபோது தலைவராகியிருந்தாள்.

மத்தியானம் கபாய்ஸி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே சிவப்புத் துணி. துணிமேல் புத்தம்புது வாஷர்.

பார்க்கலாம், தொடலாம், முகர்ந்தும் பார்க்கலாம் என்றார். வாஷர் கைமாறிக் கைமாறிப் போனது. சிலர் நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் கடித்துப் பார்த்தார். பிறகு எல்லோருமாகப் போய்ப் பம்பைப் பிரித்தார்கள். வாஷர் போகவேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். வாஷர் இல்லாமலே திரும்பப் பூட்டினார்கள். மறுபடி பிரித்தார்கள், மறுபடி பூட்டினார்கள். கற்றுக்கொடுத்ததைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் கண்ணைக் கட்டிவிட்டாலும் பம்பைப் பிரித்துப் பூட்டுகிற அளவுக்கு ஊர் தேறிவிட்டது. வாஷரைப் பற்றி ஒரு பாட்டும் கட்டிப் பாடினார்கள்.

வாஷர் பெட்டிக்குத் திரும்பியபோது அபிடி சலான்ஜே எழுந்தாள்.

"ப்வானா, அதை உள்ள போட்டுட்டா வேலை முடிஞ்சுதே."

கபாய்ஸி புன்னகைத்தார். "இது பாடம் நடத்துற சாமான் அமாயி. இதை உங்களுக்குக் குடுத்துட்டா, அவங்ககிட்ட என்ன இல்லைன்னு அடுத்த ஊருக்கு எதை வெச்சுக் காட்டுவேன்?"

எல்லோரும் கைதட்டினார்கள். பொருளுக்கு ஆசைப்பட்டு ஊர் மானத்தை வாங்காதே என்று ஊர்த்தலைவர் அவளிடம் கிசுகிசுத்தார். காலையில்தான் அதைப் பற்றிப் பாடம் நடந்திருந்தது.

அத்தோடு நிற்கவில்லை. வாஷரும் பருவநிலை மாற்றமும் என்று ஒன்று வந்தது. வாஷரும் இளைஞர்களும். வாஷரும் நல்லாட்சியும். முந்தைய பயிலரங்கங்களால் விளைந்த பயனை அளக்க ஒன்று. அளந்தது சரியா என்று பார்க்க இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஃபேன்டா, பன், படி. ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் வலையைச் சுருட்டிவிட்டார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒருவனைக் கேட்டால், சவால்கள் உள்ளன, வாய்ப்புகளும் உள்ளன என்று பதில் சொன்னான். ஒரு கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார், பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் விளைவுகள் எவை என்று கேட்டுவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்துதான் விளக்கினார்.

டீக்கடை வானொலியில் நிதியமைச்சர் தினமும் பேசினார். நாட்டுப் பணமான க்வாச்சாவின் மதிப்பைக் குறைத்தது நாட்டின் பலத்தைக் கூட்டத்தான் என்றார். பொருளாதாரம் வளர்கிறது, ஜனங்கள் அதைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். கேட்பதற்குக் கடையில் அபிடி சலான்ஜேயைத் தவிர யாரும் இல்லை.

ம்பாசா ஊர்த்தலைவர் ஒரு நாள் கோழியும் கையுமாக சிண்டாம்பாவைப் பார்க்க வந்தார். உங்கள் பம்பை இவ்வளவு நேர்த்தியாக எப்படிக் கெடுத்தீர்கள் என்று கேட்டார். தானாகக் கெட்டது என்று சொன்னால் மதிப்பில்லை. தொலைநோக்கோடு செய்தோம் என்றார் சிண்டாம்பா. ம்பாசாக்காரர்கள் ஊருக்குப் போய்த் தங்கள் பம்பைப் பிரித்து, நல்ல வாஷரைக் கழற்றி, பின்னால் யாருக்கும் சபலம் வந்துவிடக் கூடாதென்று சதுப்பின் நடுவில் வீசிவிட்டார்கள். அங்கேயும் டீயில் கெளுத்தி நீந்தியது. லாரிகள் இப்போது இரண்டு ஊரிலும் நிற்காமல் போயின. போட்டி ஒழிந்ததில் அபிடி சலான்ஜேக்கு ஒரு லாபமும் இல்லை.

அவள் ஊர்த்தலைவரிடம் போனாள். எல்லைக்கு அப்பால் சந்தையில் வாஷர் கிடைக்கிறதாம். வீட்டுக்கு வீடு படியில் கொஞ்சம் போட்டால் வாங்கிவிடலாம் என்றாள். சிண்டாம்பா சோபாவில் சாய்ந்திருந்தார். அந்த சோபா இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கிடந்தது.

"பம்பு ஓடினா பயிலரங்கம் நின்னுடும். தண்ணி வேணும்னா சதுப்புல இருக்கு. படி சதுப்புல இருக்கா?"

"தலையில சுமக்கிறது நாங்கதானே அம்ஃபுமு?"

"அதுக்குத்தான் உன்னைத் தலைவராக்கியிருக்கோம்."

அவள் திரும்பி வந்தாள். மாவு மூட்டை அடிக்குப் போயிருந்தது. டீத்தூள் ஒரே ஒரு பாக்கெட். அது தீர்ந்ததும் கடையைப் பூட்டிவிட்டு, போமாவில் தங்கை வீட்டுக்குப் போய், அலுவலர்களின் துணி துவைத்துப் பிழைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டாள். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது.

அந்த வாரம் தற்சார்பு பற்றிய பயிலரங்கம் நடந்தது. உதவி செய்யும் நாட்டிலிருந்து ஓர் அம்மையாரே வந்திருந்தார். வழக்கம்போல வாஷர் கைமாறிக் கைமாறிப் போனது. தற்சார்பு பற்றி அம்மையார் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்ததால், பெட்டியை மூடும்போது கபாய்ஸி அதற்குள் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடைக்கு ஜைலோசி வந்தான்.

ஜைலோசி அந்த ஊர்க் கோழித் திருடன். ஒளிவுமறைவு இல்லை. கோழி காணோம் என்றால் ஜனங்கள் நேரே அவன் வீட்டுக்குப் போவார்கள். அங்கே இல்லையென்றால்தான் வேறு இடத்தில் தேடுவார்கள். எல்லாப் பயிலரங்கத்துக்கும் போனான். பன்னுக்காகப் போனான். கடைசி வரிசையில், கடைசி ஆளாக உட்காருவான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனம் வராது.

ஒரு வாய் குடித்தான். கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அமாயி, இதுல முள்ளு இருக்கான்னு பாத்துக் குடுக்கக் கூடாதா?"

"வாயை மூடிட்டுக் குடி. நாலு நாளைக்குத்தான். அப்புறம் இதுவும் இல்லை."

அவன் சட்டைப் பையிலிருந்து வாஷரை எடுத்து மேசைமேல் வைத்தான். சிவப்புத் துணியில் வைத்துப் பூட்டுகிற சாமான், பெரிய விலை போகும் என்று நினைத்தானாம். விடியற்காலையிலேயே சாலைக்குப் போய் லாரிக்காரர்களிடம் காட்டியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்களாம்.

அபிடி சலான்ஜே அதைச் சட்டென்று கையால் மூடினாள். "எங்கடா எடுத்தே இதை?"

"எடுக்கலை அமாயி. கைக்குக் கை குடுத்துக்கிட்டே வந்தாங்க. என் கைக்கு அப்புறம் கை இல்லை."

"இதுக்கு என்ன வேணும் உனக்கு?"

யோசித்தான். "கெளுத்தி இல்லாத டீ ஒண்ணு. ரெண்டு மாண்டாசி."

திட்டம் கொடுத்த ஸ்பானர்கள் ஊர்த்தலைவர் வீட்டில் பூட்டியிருந்தன. அவற்றில் இரண்டு ஏற்கெனவே ஜைலோசியிடம் இருந்தன. எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவன் பம்புக்குப் போனான். பிரித்தான், போட்டான், பூட்டினான். நாட்டிலேயே அத்தனை பயிலரங்கங்களின் பாடத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்த முதல் மாணவன் அவன்தான். தள்ளி வைத்த டீ ஆறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

பெண்கள் வாளியோடு ஓடிவந்து வரிசை கட்டினார்கள். ஆண்கள் எட்டத்தில், சாவு வீட்டில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார்கள். சிண்டாம்பா வந்தார். தண்ணீரைப் பார்த்தார். இந்தக் காரியத்தைச் செய்தது யார் என்று கம்மிய குரலில் கேட்டார்.

மத்தியானத்துக்குள் கபாய்ஸி போலீஸ் சார்ஜென்ட்டோடு வந்து இறங்கினார். பின்னாலேயே அம்மையாரின் வண்டி. சார்ஜென்ட் விசாரித்தார். விசாரணை சுருக்கமானது. ஊரில் ஒரு திருடன்தான் இருந்தான். ஜைலோசியைப் பிடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார். வாஷர் பம்புக்குள் இருப்பதாகத் தெரிகிறது, சாட்சிப் பொருள், கழற்றி எடுத்துப் போக வேண்டும் என்றார்.

அதே நேரத்தில் அம்மையார் பம்பைப் பார்த்துவிட்டார். ஒரு பெண் கைப்பிடியை அடிக்கிறாள், தண்ணீர் வருகிறது. அம்மையாரின் கண்ணில் நீர் வந்தது. வாஷர் துறையில் இத்தனை காலம் உழைத்தும் தண்ணீரை நேரில் பார்த்ததில்லை என்றார். நேற்றுப் பேசிய தற்சார்பு இன்று கண்முன்னே ஓடுகிறதே என்று கபாய்ஸியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தலைநகரத்தில் அவருடைய பேரைச் சொல்லப் போவதாகவும் சொன்னார்.

கபாய்ஸி மனசுக்குள் கணக்குப் போட்டார். உள்ளே இருப்பது திருட்டு வாஷர் என்றால், தற்சார்பும் திருட்டு. இல்லையென்றால், திருட்டே இல்லை. ஆனால் பெட்டி காலி. அதற்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். அந்த ஆள் அவராக இருக்கக் கூடாது. பிறகு ஓர் அலுவலர் எடுக்க வேண்டிய முடிவை எடுத்தார். பம்பு ஓடுவது வேறு, வாஷர் களவு போனது வேறு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

"அப்ப களவு போன சாமான் எங்க?" என்றார் சார்ஜென்ட்.

"காணாம போனாத்தான் களவு. கையில கிடைச்சுட்டா அது எப்படிக் களவாகும்?"

சார்ஜென்ட் இதைப் பற்றி யோசிக்க ஒரு டீ கேட்டார். குடித்தார். இன்னொன்று கேட்டார். நல்ல டீ. கபாய்ஸி சொல்வதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

ஒரு சம்பிரதாயம் பாக்கி இருந்தது. பம்பைச் சரிசெய்தது யார் என்று குழுத்தலைவர் வாயால் சொல்ல வேண்டும். அம்மையார் ஆவலோடு பார்த்தார். கபாய்ஸி கெஞ்சலோடு பார்த்தார். தண்ணீர் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால் சார்ஜென்ட் ஸ்பானரை எடுப்பார். சொல்லாவிட்டாலும் ஜைலோசி உள்ளே போவான். அபிடி சலான்ஜே அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கொதிக்கிற கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயிலரங்கம்தான் சரிபண்ணிச்சு ப்வானா," என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். பழகிவிட்டது.

ஜைலோசி கோப்பையை நீட்டினான். "சர்க்கரை இன்னும் கொஞ்சம் போடு அமாயி. போற வழி தூரம்."

வழக்கு சீக்கிரம் முடிந்தது. சாட்சி சொல்ல ஆண்கள் லாரி ஏறிப் போனார்கள். அவன் வாஷர் திருடியதில் அவர்களுக்கு வருத்தமில்லை. பயிலரங்கத்தைத் திருடிவிட்டான் என்பதுதான் ஆத்திரம். காணாமல் போன வாஷர் எங்கே என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டபோது, எனக்குத் தெரியாது, குழுத்தலைவரைக் கேளுங்கள் என்றான் ஜைலோசி. குழுத்தலைவருக்கும் தெரியாது என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலம் முடியும்வரை சிறை. சாட்சிகள் திரும்பும்போது, நீதிமன்றத்தில் உட்கார்ந்ததற்குப் படி கிடையாதா என்று விசாரித்துவிட்டு வந்தார்கள்.

கபாய்ஸி பதவி உயர்ந்து தலைநகரம் போய்விட்டார். பயிலரங்கம் ம்பாசாவுக்கு இடம் மாறியது. புதுப் பெட்டி, புது வாஷர், பெட்டிக்குப் பூட்டு. சிம்வாலா ஆண்கள் அனுபவசாலிகள் என்ற தகுதியில் நடந்தே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகிறார்கள். லாரிகள் மறுபடி அபிடி சலான்ஜேயின் கடையில் நிற்கின்றன. ஒவ்வொரு மாதமும் போமா போகிற டிரைவர் ஒருவரிடம் அவள் ஒரு பொட்டலம் மாண்டாசி கொடுத்தனுப்புகிறாள். சிறைக் காவலர்களுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறதாம்.

பம்புக்குப் பக்கத்தில் பெரிய இரும்புப் பலகை நட்டிருக்கிறார்கள். பம்பைவிட உயரம். உதவி செய்த நாட்டின் பெயர், அமைச்சகத்தின் பெயர், திட்டத்தின் பெயர், பாராளுமன்ற உறுப்பினர், நீர் அலுவலர், ஊர்த்தலைவர், கடைசியாகக் குழுத்தலைவர் அபிடி சலான்ஜே. டிரைவர்கள் யாராவது, யார் அமாயி பம்பைச் சரிபண்ணினது என்று கேட்டால், அவள் பலகையைக் கைகாட்டிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறாள்.

பலகையில் இல்லாத பெயர் ஒன்று உண்டு. சரிசெய்தவன் அவன்தான். ஜைலோசி ம்டெபூகா, கோழித் திருடன்.